வேலையிடத்துக் கருவிக்குப் பணம் யார் தருவது? தென்னாப்பிரிக்க நடைமுறை

கேட்டிருப்பது சுருக்கமாக இது: தம்பி டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அங்கே மொத்தம் எழுபது பேர் வேலை செய்கிறார்கள். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்து, கண்ணாடி போட்டும் எழுத்து தெரிவதில்லை. பெரிய திரை, எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருள், காகிதம் படிக்க ஒரு கேமரா கருவி எல்லாம் சேர்த்து 60,000 ராண்டுக்கு கொட்டேஷன் வந்திருக்கிறது. "அரசாங்க நிதி வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்கிறது ஹெச்.ஆர். எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது?

தனியார் நிறுவன ஊழியருக்கு இங்கே அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் 'ஆக்சஸ் டு வொர்க்' திட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். பக்கத்து ரியூனியனில் இருப்பவர்கள் 'அஜெஃபிஃப்' நிதி என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அதற்கு ஈடாக ஒரு நிதி இல்லை. சட்டம் அந்தச் செலவை முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது. இது தெரியாமல் அரசு உதவித்தொகை தரும் சாசா அலுவலகம், தொழிலாளர் துறை, சமூக நலத் துறை என்று அலைபவர்கள் நிறைய. அலையும் மாதங்களில் வேலையில் பிழை கூடுகிறது, எச்சரிக்கைக் கடிதம் வருகிறது, கடைசியில் பேச்சு கருவியை விட்டுவிட்டு "இவருக்கு இந்த வேலை முடியுமா" என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே நிதி தேடுவதை நிறுத்திவிட்டு, இந்த வாரமே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். உடற்குறையைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. இது எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும், பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும்தான். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 15-ஆம் பிரிவும் சேர்கிறது: வேலையையோ வேலையிடத்தையோ நியாயமான அளவுக்கு மாற்றித் தரவேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஆள் எண்ணிக்கை மட்டுமே கணக்கு. விற்றுமுதல் பார்ப்பது போய்விட்டது. எழுபது பேர் என்றால் உங்கள் தம்பியின் நிறுவனம் உள்ளே வருகிறது. உடற்குறையுள்ளோர் வேலைவாய்ப்பு பற்றி 2015-இல் வந்த நடத்தை நெறிமுறை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. இருக்கும் கருவியை மாற்றியமைப்பது, புதிய கணினி, மென்பொருள் வாங்கித் தருவது, மேசையை மாற்றுவது, வேலை நேரத்தை மாற்றுவது எல்லாம் அதில் உதாரணமாகவே வருகின்றன.

முதலாளி தப்பிக்க ஒரே வழி 'நியாயப்படுத்த முடியாத சுமை' என்று காட்டுவது. அதாவது செலவோ சிரமமோ கணிசமாக இருக்கவேண்டும், தொழிலையே குலைப்பதாக இருக்கவேண்டும். ஒரு நிறுவனத்துக்குச் சுமையாவது இன்னொன்றுக்கு ஆகாது என்றும் நெறிமுறை சொல்கிறது. "பட்ஜெட்டில் இல்லை" என்று வாயால் சொன்னால் போதாது. அதே சமயம், அதே பலன் தரும் மலிவான வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க முதலாளிக்கு உரிமை உண்டு. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் பல கோரிக்கைகள் கவிழ்கின்றன. கொட்டேஷனைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

முதலில் பணக் கணக்கு. ஹெச்.ஆரிடம் போகாமல் நிறுவனத்தின் கணக்காளரிடம் இதைக் காட்டினால் வேகமாகப் புரியும். 60,000 ராண்டில் 15 சதவீத வாட் உள்ளே இருக்கிறது. வாட் பதிவுள்ள நிறுவனம் அந்த 7,826 ராண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்; மிச்சம் 52,174. அது தொழில் செலவாகவோ தேய்மானமாகவோ கழியும்போது 27 சதவீத நிறுவன வரியில் சுமார் 14,087 மிச்சமாகிறது. லாபத்தில் ஓடும் நிறுவனத்தின் கையிலிருந்து கடைசியில் போவது 38,000 ராண்ட் அளவுதான். கருவிகள் நான்கு வருடம் உழைத்தால் மாதம் 800 ராண்டுக்கும் கீழே. புதிய ஆளைத் தேடி எடுத்து, துறைமுகக் கட்டணக் கணக்கைக் கற்றுக்கொடுக்க ஆகும் செலவை அந்தக் கணக்காளரே போட்டுப் பார்த்துக்கொள்வார். இன்னொன்று: 7,000 ராண்டுக்குக் குறைவான தனிப் பொருளை வாங்கிய வருடத்திலேயே முழுதாகக் கழித்துக்கொள்ள வரித்துறையான சார்ஸ் அனுமதிக்கிறது, கணினிக்கு 3 வருடத் தேய்மானம், கணினி மென்பொருளுக்கு 2 வருடம். அதனால் கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலை இருக்கவேண்டும். 'தொகுப்பு விலை' என்று ஒரே வரியாக வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஊழியருக்கும் வரிச்சுமை வராது. முக்கியமாக அலுவலக வேலைக்காகத் தரும் கணினிக் கருவிக்கு ஃபிரிஞ்ச் பெனிஃபிட் (சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் சலுகை) மதிப்பு பூஜ்யம். ஆனால் வேலையை விட்டுப் போகும்போது கருவியைச் சும்மா கொடுத்துவிட்டால் அது வரிக்கு உட்பட்ட பலனாகிவிடும். கருவி நிறுவனத்தின் சொத்து, நிறுவனத்தின் காப்பீட்டில் இருக்கும், வீட்டுக்கு எடுத்துப்போகலாமா கூடாதா என்பதை வாங்கும்போதே ஒரு வரியில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கடிதத்தில் எழுதவேண்டியது மிகக் கொஞ்சம். கண்ணில் என்ன நோய், எத்தனை லேசர், எத்தனை ஊசி என்ற கதை வேண்டாம். உடல்நலத் தகவலுக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின் கீழ் சிறப்புப் பாதுகாப்பு உள்ளது. மருத்துவச் சான்றிதழை ஹெச்.ஆரிடம் மட்டும் கொடுங்கள், மேலாளருக்கு நகல் போகவேண்டியதில்லை. கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "எனக்கு நீண்டகாலப் பார்வைக் குறைபாடு உள்ளது. திரையில் இன்வாய்ஸ் எண்களைப் படிப்பதிலும், அச்சடித்த பில் ஆஃப் லேடிங்கைப் படிப்பதிலும் தடை ஏற்படுகிறது. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி நியாயமான வசதி செய்து தரும்படி கேட்கிறேன். ஒரு தொழில்முறை மதிப்பீட்டுக்கு நிறுவனம் ஏற்பாடு செய்யவேண்டும். 14 நாட்களுக்குள் சந்தித்துப் பேச நேரம் தரவும்." மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்வழியாகப் பேசியிருந்தால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி அதையும் மின்னஞ்சலாக்கிவிடுங்கள். தொகையை முதல் கடிதத்தில் குறிப்பிடாதீர்கள். 60,000 என்ற எண்ணைப் பார்த்ததும் மற்ற வரிகளை யாரும் படிக்கமாட்டார்கள்.

கூடவே உடற்குறையை நிறுவனத்திடம் அறிவிக்கும் ஈஈஏ1 படிவத்தைத் தம்பி நிரப்பலாமா என்று யோசியுங்கள். கட்டாயமில்லை. ஆனால் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் உடற்குறையுள்ள ஊழியர்களுக்கான 3 சதவீத இலக்கைக் காட்டவேண்டியிருக்கிறது. அறிவித்துக்கொண்ட ஊழியரைத்தான் அறிக்கையில் எண்ண முடியும். பல நிறுவனங்களுக்கு அந்த எண்ணிக்கை எட்டுவதே இல்லை. எழுபது பேரில் ஏற்கெனவே வேலை தெரிந்த ஒருவர் அறிவித்துக்கொள்வது நிறுவனத்துக்கும் ஆதாயம். பேச்சில் இதை மென்மையாக எடுத்து வையுங்கள்.

இனி மதிப்பீடு. கடைக்காரர் வந்து காட்டும் டெமோவை மதிப்பீடு என்று நினைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் காட்டுவார். பதிவுபெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (தொழில்வழிச் சிகிச்சையாளர்) ஒருவர், குறைபார்வையில் பழக்கமுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட் (கண்பார்வை அளப்பவர்) ஒருவர், இருவரும் தம்பியின் மேசையிலேயே, அவர் தினமும் பார்க்கும் காகிதத்தை வைத்தே பார்க்கவேண்டும். க்வாஸுலு-நடால் பார்வையற்றோர் காதுகேளாதோர் சங்கத்தில் முதலில் விசாரிக்கலாம். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் போன்ற அரசு மருத்துவமனை வழியாகப் பரிந்துரை வாங்கலாம், ஆனால் காத்திருக்கவேண்டியிருக்கும்.

சர்க்கரையால் வந்த பார்வைக் குறையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். காலை 9 மணிக்குப் படிக்க முடிந்த எழுத்து மாலை 3 மணிக்குத் தெரியாமல் போகலாம். கண் ஊசியோ லேசரோ முடிந்த சூட்டோடு மதிப்பீடு வைத்தால், பார்வை நிலைப்பட்டபின் அந்த அளவுகள் பொருந்தாமல் போகக்கூடும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மோசமான நேரத்துக்குத்தான் கருவி தேவை.

அறிக்கை "பெரிய திரை பரிந்துரைக்கப்படுகிறது" என்று முடிந்தால் பயனில்லை. எந்த வேலை, அதில் எது தடை, எந்தக் கருவி, என்ன அமைப்பில், எத்தனை மணி நேரப் பயிற்சி என்று வரவேண்டும். ஏனென்று ஒரு கணக்குத் தாளை வைத்துப் பாருங்கள். எக்செலில் மேல் வரிசையையும் இடது பத்தியையும் உறையவைத்துத்தான் கணக்குப் பிரிவில் வேலை செய்வார்கள். நான்கு மடங்கு பெரிதாக்கினால் உறையவைத்த பகுதியே திரையை அடைத்துக்கொள்ளும். எண்ணைத் தட்டச்சு செய்ய மிச்சமிருப்பது மூன்று நான்கு கட்டங்கள்தான். திரை எவ்வளவு பெரிதானாலும் இது முழுதாகத் தீராது. தாளின் அமைப்பை மாற்றவேண்டும், அல்லது மென்பொருளின் குரலையும் சேர்த்துப் பயன்படுத்தப் பழகவேண்டும். பெரிய திரையை மேசையின் பின்விளிம்பில் வைத்தால் தம்பி முன்னால் குனிந்தே உட்காருவார். ஆறு மாதத்தில் கழுத்துவலி. சில நூறு ராண்ட் விலையுள்ள மடக்குக் கை ஒன்றில் திரையை மாட்டி முகத்துக்கு அருகே இழுத்துக்கொள்வது பல சமயம் பெரிய திரையைவிட உதவும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் கண்ணாடி போல ஒளி அடிக்கும்; மேசையைத் திருப்பிப் போடுவதற்குக் காசே வேண்டாம்.

மலிவான வழி என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். விண்டோஸிலேயே பெரிதாக்கி இருக்கிறது: விண்டோஸ் விசையோடு கூட்டல் குறி. கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றும் சேர்ந்தால் கருப்பில் வெள்ளையாக நிறம் திரும்பும். திரையை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ இலவசம். அதோடு வரும் குரல்களில் தமிழும் உண்டு. இதே வேலையைச் செய்யும் ஜாஸ் போன்றவை விலை அதிகம். இலவசத்தை ஏன் பார்க்கவில்லை என்று நிறுவனம் கேட்கும், கேட்பது நியாயமும்கூட. இரண்டு வாரம் இலவச மென்பொருளை நிஜ வேலையில் ஓட்டிப் பார்த்து, எந்த நிரலில் எந்தப் பொத்தானை அது படிக்கவில்லை என்று குறித்து வைத்தால், பிறகு கேட்கும் விலைக்கு அந்தக் குறிப்பே ஆதாரம். இலவசமே போதும் என்று தெரிந்தால் 60,000 சட்டென்று பாதியாகும், காரியமும் சீக்கிரம் முடியும்.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: கணக்கு மென்பொருள் தூரத்து சர்வரில் ஓடி, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தால், தம்பியின் கணினியில் இருக்கும் திரைபடிப்பான் அதை ஒரு படமாகத்தான் பார்க்கும், ஒரு சொல்லும் வாசிக்காது. சர்வரிலும் நிறுவவேண்டும், ஒலியைத் திருப்பி அனுப்ப அனுமதி வேண்டும். உரிமம் இரண்டு இடத்துக்கும் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். ஐடி பிரிவு யுஎஸ்பி துளைகளை அடைத்து வைத்திருந்தால் கேமரா கருவியும் கணினியோடு சேராது. சந்திப்புக்கு ஐடி ஆளையும் கூப்பிடச் சொல்வது இதனால்தான். பணம் கொடுத்து வாங்கிய கருவி பெட்டிக்குள்ளேயே கிடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் பயிற்சி இல்லாமை ஒன்றுதான். பயிற்சி மணிகளைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். வருடாந்தர உரிமப் புதுப்பிப்பு, பழுதானால் மாற்றுக் கருவி, உத்தரவாதக் காலம் இவையும் தனித்தனி வரி. பெரும்பாலும் இறக்குமதிப் பொருள், ராண்ட் மதிப்பு ஆடுவதால் கொட்டேஷன் சில வாரம்தான் செல்லும். காலாவதியான கொட்டேஷனோடு சந்திப்புக்குப் போகாதீர்கள்.

சென்னையிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவந்தால் பாதி விலை என்ற யோசனை நம்மவர்களுக்கு உடனே வரும். வீட்டு உபயோகத்துக்குச் சரி. அலுவலகத்துக்கு வேண்டாம்: இங்கே உத்தரவாதம் செல்லாது, நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஏறாது, கெட்டுப்போனால் யாரும் பொறுப்பில்லை.

மற்ற பணப்பைகள் என்னென்ன, எது எதற்கு உதவும்?

குறைபாடு வேலையில் நடந்த விபத்தாலோ தொழில்நோயாலோ வந்திருந்தால் நிலைமையே வேறு. வேலைக் காயங்களுக்கு ஈடு தரும் 1993-இன் கோய்டா சட்டப்படி, காயத்தால் தேவைப்படும் செயற்கை உறுப்பும் சாதனமும் மருத்துவ உதவிக்குள்ளேயே வரும். விபத்தென்றால் முதலாளி 7 நாட்களுக்குள் டபிள்யூ.சிஎல்.2 படிவத்தில் தெரிவிக்கவேண்டும், தொழில்நோய் என்றால் 14 நாள். மருத்துவச் செலவு பொதுவாக விபத்து நாளிலிருந்து 24 மாதம் வரை. கட்டுமானத் துறையில் எஃப்.இ.எம்., சுரங்கத்தில் ராண்ட் மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனங்கள் மூலமாகப் போகும். உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது. ஆனால் கிடங்கில் முதுகு போனவருக்கு முதல் வாசல் இதுதான்.

முதுகுவலி, மணிக்கட்டு வலிக்காரர்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது: 2019 டிசம்பரில் வந்த எர்கோனாமிக்ஸ் (வேலையை உடலுக்கேற்ப அமைப்பது) விதிகள். தகுதியுள்ள ஒருவரை வைத்து வேலையிட ஆபத்து மதிப்பீடு செய்வதும், இரண்டு வருடத்துக்கு மேல் போகாமல் அதைத் திரும்பப் பார்ப்பதும் முதலாளி கடமை. 'எனக்கு உடற்குறை' என்று அறிவிக்கத் தயங்குபவர், "நம் பிரிவில் அந்த மதிப்பீடு எப்போது நடந்தது?" என்று பாதுகாப்புப் பிரதிநிதி வழியாகக் கேட்டாலே நாற்காலியும் மேசையும் மாறிய இடங்கள் உண்டு.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உடலோடு போகும் சாதனத்துக்குத்தான் உதவும்: காதுக் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால், அதுவும் வரம்புக்குள். அலுவலகத் திரைக்கு எதிர்பார்க்காதீர்கள். நிறுவனத்தில் குழு வருமானப் பாதுகாப்புக் காப்பீடு இருந்தால் பாலிசியில் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் சம்பளப் பங்கு கொடுப்பதைவிட ஒரு கருவி வாங்கிக் கொடுப்பது காப்பீட்டாருக்கு மலிவு. வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யுஐஎஃபின் நோய்ப் பலன் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்துக்கானது, சாசாவின் ஊனமுற்றோர் உதவித்தொகை வருமானச் சோதனையோடு வாழ்க்கைச் செலவுக்கானது. இரண்டும் கருவிக்கு இல்லை. தொழில் துறைப் பயிற்சி அமைப்பான சீட்டாவின் பணம் பயிற்சிக்கு. தம்பி பதிவுசெய்த லேர்னர்ஷிப்பில் (வேலையோடு சேர்ந்த பயிற்சி) சேர்ந்தால் வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவில் நிறுவனத்துக்கு வருடம் 60,000 ராண்ட் வரை கூடுதல் கழிவு கிடைக்கும். உடற்குறை இல்லாதவருக்கு அது 40,000 மட்டுமே. நேரடியாகக் கருவிக்கு வராத பணம் என்றாலும், நிறுவனத்தின் கணக்கை மாற்றும். அரசு ஊழியர் என்றால் பொதுச்சேவைத் துறையின் 2015-ஆம் ஆண்டுத் துணைக்கருவிக் கொள்கை இருக்கிறது. அவரவர் துறையின் பட்ஜெட்டிலிருந்தே கேட்கவேண்டும்.

நிறுவனம் தராத பட்சத்தில், அல்லது வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென்றால், சொந்தப் பணத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 6பி பிரிவில் வரிச் சலுகை உண்டு. உடற்குறையை உறுதிசெய்யும் ஐடிஆர்-டிடி படிவத்தில் பதிவுபெற்ற மருத்துவர் கையெழுத்திடவேண்டும். பார்வைக்கு அளவுகோல்: கண்ணாடியால் திருத்தியபின் நல்ல கண்ணில் 6/18-ஐவிடக் குறைவு (6/18 என்றால் பிறர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது), அல்லது பார்வைப் புலம் 10 பாகைக்குள். நிரந்தரக் குறைபாடென்றால் படிவம் 10 வருடம் செல்லும். அதை ரிட்டர்னோடு அனுப்பவேண்டாம், கேட்டால் காட்டவேண்டும். தேறினால் தகுதியான செலவில் 33.3 சதவீதம் கட்டவேண்டிய வரியிலிருந்து குறையும். 18,000 ராண்டுக்கு 5,994. வரியே இல்லாதவருக்கு ஒன்றும் திரும்பாது, நிறுவனம் திருப்பிக் கொடுத்த செலவையும் கேட்க முடியாது. 6/18 அளவுக்கு மோசமாகாதவருக்கு செலவில் வருமானத்தின் 7.5 சதவீதத்தைத் தாண்டிய பகுதிக்கு 25 சதவீதம்தான். அது பலருக்கு எட்டாது. ரசீது தம்பியின் பெயரில் இருக்கட்டும், மருத்துவரின் பரிந்துரையும் அதோடு சேர்ந்தே இருக்கட்டும்.

மறுத்துவிட்டால்? மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு நடைமுறையில் ஒரு மனு போடுங்கள், ஏனென்றால் தீர்க்க முயன்றதைக் காட்டவேண்டும். பாகுபாடு புகாருக்கு, தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏயில் 6 மாத அவகாசம், கட்டணம் இல்லை. வேலையை விட்டு நீக்கிவிட்டால் 30 நாள் மட்டுமே. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நாளைத் தவறவிடுபவர்கள் அதிகம். ஸ்டாண்டர்ட் பேங்க் எதிர் சிசிஎம்ஏ என்ற 2007-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பு, இயலாமைக்காக நீக்குவதற்கு முன் முதலாளி ஏறவேண்டிய படிகளை வரிசையாகச் சொல்கிறது: குறைபாட்டின் தன்மையை அறிவது, வேலையில் அதன் விளைவை அறிவது, வேலையை மாற்றியமைக்க முடியுமா என்று பார்ப்பது, அதுவும் முடியாவிட்டால் மாற்று வேலை. மூன்றாவது படியைத் தாண்டிக் குதித்த நிறுவனத்துக்கு உங்கள் மின்னஞ்சல்களே எதிர்சாட்சி.

தம்பி தென்னாப்பிரிக்கக் குடிமகனா, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை விசாவில் வந்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிறப்பாலோ வம்சத்தாலோ குடிமகன் என்றால் மேலே சொன்னது முழுதும் பொருந்தும். விசாவில் இருப்பவர் சட்டம் சொல்லும் 'நியமிக்கப்பட்ட குழு'வுக்குள் (15-ஆம் பிரிவு யாருக்காகவோ அந்தப் பிரிவினருக்குள்) வரமாட்டார். 3 சதவீத இலக்கிலும் அவரை எண்ண முடியாது, ஆகவே அந்த வாதத்தை வைக்காதீர்கள். அவருக்கு 6-ஆம் பிரிவின் பாகுபாடு தடை மட்டும் கைகொடுக்கும். அவர் கடிதத்தில் 15-ஆம் பிரிவைக் குறிப்பிடாமல் 6-ஐ மட்டும் எழுதவேண்டும்.